மாலை வகுப்பில் மின்சாரம்: ஃபின்ஸ்பரியின் கதை

எங்கள் பெரியப்பா வயர்மேன். சட்டைப் பையில் டெஸ்டர், தோள் பையில் கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், ஹோல்டரில் இரண்டு ஒயர் கோத்த டெஸ்ட் லாம்ப். அவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். மீட்டர் என்று ஒன்றை அவர் கையில் நான் பார்த்ததே இல்லை. சப்ளை வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் சொல்லும். மோட்டார் சூடாகிறதா என்று புறங்கை சொல்லும். உள்ளங்கையை வைக்கமாட்டார். ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பது அவருக்கு அவருடைய மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அந்த மேஸ்திரியிடம் வருஷக்கணக்கில் கையாளாக இருந்துவிட்டு, பிறகு அரசாங்கம் நடத்தும் வயர்மேன் உதவியாளர் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கினார். பள்ளிக்கூடம் விட்டபின் மின்சாரத்தைப் பற்றி ஒரு வகுப்பில் கூட அவர் உட்கார்ந்தது கிடையாது.

"எல்லாம் பழகிப் பார்த்ததுதான் தம்பி, அளந்து பார்த்தது எதுவும் இல்ல" என்பார்.

இந்த வாக்கியம் ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. மின்சார வேலையை மேஸ்திரியின் பின்னால் அலைந்து கற்றுக்கொள்வதற்குப் பதிலாக, ஒரு அறையில், மேஜை போட்டு, கருவிகளைக் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? அதுவும் பணக்காரப் பையன்களுக்கு இல்லாமல், பகலில் வேலைக்குப் போகிற ஆட்களுக்கு? தேடிப் போனால், அது லண்டனில் ஃபின்ஸ்பரி என்ற பகுதியில் போய் நின்றது. அங்கிருந்து டோக்கியோ, பம்பாய் என்று இழுத்துக்கொண்டு போனது. அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 1870-களில் 'எலக்ட்ரீஷியன்' என்றால் வீட்டுக்கு ஒயரிங் செய்பவர் இல்லை. தந்தி இலாகாக்காரர், அல்லது கடலடியில் கேபிள் போடுகிற கப்பலில் கால்வனோமீட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். லண்டனில் 'தி எலக்ட்ரீஷியன்' என்ற பெயரிலேயே 1861-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதில் பெரும்பாலும் தந்திச் சமாச்சாரம்தான். வேறு எதை எழுத முடியும்? விளக்கு எரிக்கிற மின்சாரம் இன்னும் கடைத்தெருவுக்கு வரவில்லை.

அப்படி ஒரு தந்திக்காரராகத்தான் வில்லியம் எட்வர்ட் அயர்ட்டன் 1868-ல் இந்தியாவுக்கு வந்தார். 1847-ல் பிறந்தவர். வருவதற்கு முன்னால் கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சனிடம், அதாவது பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவரிடம், பாடம் கேட்டவர். இந்தியத் தந்தித் துறையில் அவர் மெனக்கெட்ட பிரச்சினை, பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கம்பி போகிறது. எங்கேயோ ஒரு இடத்தில் மரக்கிளை விழுந்து கம்பி தரையைத் தொட்டுவிட்டது. எந்த இடம்? ஆளை அனுப்பி லைன் ஓரமாக நடக்கவிட்டால் நாள் கணக்கில் ஆகும். ஆனால் ஒரு மைல் கம்பிக்கு இத்தனை ஓம் மின்தடை என்று தெரிந்தால், ஆபீஸில் உட்கார்ந்தபடியே கம்பியின் முனையிலிருந்து மின்தடையை அளந்து, வகுத்துப் பார்த்து, பழுது இத்தனாவது மைலில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கேட்க எளிது. நடைமுறையில் மழை, ஈரம், கசிகிற பீங்கான் குமிழ் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். அதையெல்லாம் கழித்துக் கணக்குப் போடும் முறைகளில்தான் அயர்ட்டன் உழைத்தார்.

இந்த மனிதர் பிற்காலத்தில் தொழிலாளிகளுக்குப் பாடம் நடத்தும்போது 'முதலில் அள' என்பதையே அடிப்படையாக வைத்தார் என்றால், அதற்கு விதை இங்கே விழுந்தது என்று நான் நினைக்கிறேன். என் ஊகம்தான், ஆனால் ரொம்பத் தூரத்து ஊகம் இல்லை.

1873-ல் அவர் ஜப்பானுக்குப் போனார். அங்கே மெய்ஜி அரசாங்கம் டோக்கியோவில் ஒரு பொறியியல் கல்லூரியைத் தொடங்கியிருந்தது. இதற்குப் பின்னால் ஒரு அழகான கதை உண்டு. யமாவோ யோசோ என்ற ஜப்பானிய இளைஞர், நாட்டை விட்டு வெளியேறுவது குற்றமாக இருந்த காலத்திலேயே திருட்டுத்தனமாகக் கப்பலேறி பிரிட்டனுக்குப் போனவர். கிளாஸ்கோவில் பகலில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை, மாலையில் ஆண்டர்சன் கல்லூரியில் வகுப்பு. அதே மாலை வகுப்புகளுக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு பையன் ஹென்றி டையர். அப்போது இருவருக்கும் அறிமுகம் கிடையாது. ஊர் திரும்பிய யமாவோ அரசாங்கத்தில் பெரிய ஆளாகி, கல்லூரி தொடங்க முதல்வர் தேடியபோது, வந்து சேர்ந்தவர் இந்த டையர்தான். வயது 24. இருவருமே மாலை வகுப்பில் உருவானவர்கள்.

டையர் வகுத்த பாடத்திட்டம் ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷம் பொதுப்பாடம், அடுத்த இரண்டு தொழில்நுட்பப் பாடம், கடைசி இரண்டும் முழுக்க வேலைத்தளம். பிரிட்டனிலேயே அப்போது இந்த மாதிரி கிடையாது. அங்கே ஒன்று, பட்டறையில் பழகுநராகச் சேர்ந்து கைவேலை. அதுவும் நல்ல கம்பெனி என்றால் பையனின் அப்பா கணிசமான தொகை கட்ட வேண்டும். அல்லது பல்கலைக்கழகத்தில் வெறும் தியரி. டோக்கியோவில் அயர்ட்டன் மாணவர்கள் கையால் தொட்டுச் செய்யும் ஆய்வகம் ஒன்றை நிறுவினார்; 1875-ல் ஜான் பெர்ரியும் அங்கே வந்து சேர்ந்தார். இதைப் போல இன்னொன்று உலகத்தில் இல்லை என்று பெர்ரி பிறகு பெருமையாக எழுதினார்.

1878 மார்ச் 25 அன்று, டோக்கியோவின் மத்தியத் தந்தி அலுவலகத் திறப்பு விருந்து. அயர்ட்டனும் மாணவர்களும் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி ஒரு ஆர்க் விளக்கை ஏற்றிக் காட்டினார்கள். ஜப்பானில் மார்ச் 25 இன்றும் மின்சார தினம். அந்த மாணவர்களில் ஒருவரான ஃபுஜியோக்கா இச்சிசுகே பின்னால் தொடங்கிய பல்பு கம்பெனியின் வாரிசுதான் இன்றைய தோஷிபா.

(அயர்ட்டனின் முதல் மனைவி மெடில்டா சாப்ளினும் ஜப்பானுக்குப் போயிருந்தார். எடின்பரோவில் மருத்துவம் படிக்க இடம் கேட்டுப் போராடிய ஏழு பெண்களில் ஒருவர். ஜப்பானில் மருத்துவச்சிகளுக்கு வகுப்பு எடுத்தார். அவர் கதை தனிப் பதிவாக வரவேண்டியது.)

சரி, லண்டனுக்கு வருவோம். லண்டன் நகரத்தில் கில்டுகள் என்று பழைய காலத் தொழிற்சங்கங்கள் உண்டு. பொற்கொல்லர், மீன் வியாபாரி, துணி வியாபாரி என்று சாதிச் சங்கம் மாதிரி நூற்றாண்டுகளாக இருப்பவை. நிலமும் பணமும் குவிந்து கிடந்தன, தொழிலோ கைவிட்டுப் போய்விட்டிருந்தது. விருந்து சாப்பிட்டே காசைக் கரைக்கிறார்கள் என்று வெளியே பேச்சு. அரசாங்கம் கைவைப்பதற்கு முன்னால் உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று பல கில்டுகள் ஒன்று சேர்ந்து 1878-ல் 'சிட்டி அண்ட் கில்ட்ஸ் ஆஃப் லண்டன் இன்ஸ்டிடியூட்' என்ற தொழிற்கல்வி அமைப்பைத் தொடங்கின. அடுத்த வருஷமே கௌப்பர் ஸ்ட்ரீட் பள்ளிக்கூடத்தில் இரவல் அறைகளில் மாலை வகுப்புகள். வேதியியலுக்கு ஆர்ம்ஸ்ட்ராங், இயற்பியலுக்கு நம் அயர்ட்டன். டோக்கியோவில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஆய்வகத்தில் இருந்தவர், இங்கே யாரோ விட்டுக்கொடுத்த அறையில் தொடங்கினார். 1883-ல்தான் பக்கத்திலேயே சொந்தக் கட்டடம் வந்தது. அதுதான் ஃபின்ஸ்பரி டெக்னிக்கல் காலேஜ்.

நேரம் சரியாக அமைந்தது. 1881-ல் பாரிஸில் பெரிய மின்சாரக் கண்காட்சி. அதே வருஷம் இங்கிலாந்தில் கோடல்மிங் என்ற சின்ன ஊரில் பொது மின்விநியோகம். 1882 ஜனவரியில் லண்டன் ஹோல்பர்ன் வயடக்டில் எடிசன் கம்பெனியின் நிலையம். விளக்குக் கம்பெனிகளின் பங்குகளை மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். ஆனால் வேலை செய்ய ஆள்? கேஸ் பைப் போடுகிறவரும், பணக்கார வீடுகளில் வேலைக்காரரைக் கூப்பிடும் மணிக்குக் கம்பி இழுக்கிறவரும்தான் மின்சார ஒயரையும் இழுத்தார்கள். பைப் என்றால் கசிந்தால் நாற்றம் வரும். ஒயர் கசிந்தால் என்ன வரும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஃபின்ஸ்பரியைச் சுற்றி இருந்தது கைத்தொழில் பேட்டை. க்ளார்க்கன்வெல்லில் கடிகாரம் செய்பவர்கள், கருவி செய்பவர்கள்; ஷோர்டிச்சில் மரச்சாமான் ஆசாரிகள். இவர்கள்தான் மாலையில் வந்தார்கள். பகலில் 14 வயசுக்கு மேற்பட்ட பையன்களுக்கு முழுநேர வகுப்பும் நடந்தது.

அயர்ட்டன் பாடத்தின் வரிசையையே மாற்றிப்போட்டார். அதுவரை எல்லாப் புத்தகமும் அம்பர் கல்லைத் துணியில் தேய்ப்பதிலிருந்து தொடங்கும். நம் பள்ளிப் பாடம் இன்றும் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுப்பதில்தானே தொடங்குகிறது! அயர்ட்டன் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, நேராகக் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தில் ஆரம்பித்தார். தொழிலாளி நாளைக் காலையில் தொடப்போவது அதைத்தான். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சோதனை தயாராக இருக்கும். என்ன செய்யவேண்டும் என்ற குறிப்பு பக்கத்தில். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்து, அளந்து, எழுதிவிட்டு அடுத்த மேஜைக்குப் போகவேண்டும். இந்தப் பாடங்களின் அடிப்படையில் அவர் எழுதிய 'பிராக்டிகல் எலக்ட்ரிசிட்டி' 1887-ல் வந்தது.

அளக்க மீட்டர் வேண்டுமே? அதையும் இவர்களே செய்தார்கள். ஆம்பியர், வோல்ட், ஓம் என்ற அலகுகளையே 1881 பாரிஸ் மாநாட்டில்தான் எல்லா நாடுகளுமாக ஒப்புக்கொண்டன. அதுவரை இருந்த கால்வனோமீட்டர் மேஜையில் அசையாமல் வைத்து, முள் நிற்கும்வரை காத்திருந்து, கோணத்தைப் படித்து, அட்டவணை பார்த்துக் கணக்குப் போடவேண்டிய சாமான். டைனமோ ஓடும் ஷெட்டில் அது ஆகுமா? அயர்ட்டனும் பெர்ரியும் கையில் தூக்கிக்கொண்டு போகிற, முள் காட்டும் எண்ணே விடையாக இருக்கிற கருவிகளைச் செய்தார்கள். 'அம்மீட்டர்' என்ற பெயரே இவர்கள் வைத்ததுதான். ஒரு மின்சார மூன்று சக்கர வண்டியும் செய்து லண்டனில் ஓட்டினார்கள், ஆனால் என் கண்ணுக்குப் பெரிய விஷயம் அந்த மீட்டர்தான். கணக்கு தெரியாத ஆளும் மின்சாரத்தைப் படிக்க முடிந்தது அதனால்தான். பெர்ரி இன்னொரு காரியமும் செய்தார். இயற்கணிதம் வராத தொழிலாளிகளுக்குக் கட்டம் போட்ட காகிதத்தில் கோடு வரையச் சொல்லிக் கணக்கைக் காட்டினார். பள்ளிகளில் கிராஃப் தாள் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தாம் வகுப்பில் கிராஃபுக்கு முழு மார்க் வாங்கினவர்கள் ஒரு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

1884-ல் அந்த மாலை வகுப்பில் சாரா மார்க்ஸ் என்ற பெண் வந்து சேர்ந்தார். போலந்திலிருந்து வந்த யூதக் கடிகாரக்காரரின் மகள். அப்பா சின்ன வயசிலேயே இறந்துபோனார். கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்திருந்தார், ஆனால் பெண் என்பதால் பட்டம் கிடையாது. தோழிகள் அழைத்த பெயர் ஹெர்த்தா. மெடில்டா 1883-ல் இறந்திருந்தார். 1885-ல் ஹெர்த்தா அயர்ட்டனை மணந்தார்.

அன்றைய தெருவிளக்கான ஆர்க் விளக்கு பாம்பு மாதிரிச் சீறும், மினுக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அயர்ட்டன் இதைப் பற்றி எழுதி வைத்திருந்த கட்டுரையை வீட்டு வேலையாள் தெரியாமல் அடுப்பு பற்றவைக்க எடுத்துவிட்டாராம். அவர் சலித்துப்போய் விட்டுவிட, ஹெர்த்தா முதலிலிருந்து சோதனைகளைத் தொடங்கினார். ஃபின்ஸ்பரி பாணியிலேயே: மின்னோட்டத்தை மாற்று, கார்பன் குச்சிகளின் இடைவெளியை மாற்று, அள, எழுது, கோடு வரை. கார்பனில் குழி விழுந்து அதற்குள் காற்றின் ஆக்சிஜன் புகும்போதுதான் சீற்றம் வருகிறது என்று காட்டினார். 1899-ல் மின்பொறியாளர் கழகத்தில் அவரே தன் கட்டுரையை வாசித்தார், அதே வருஷம் அதன் முதல் பெண் உறுப்பினரானார். 1902-ல் ராயல் சொசைட்டிக்கு அவர் பெயரை முன்மொழிந்தபோது, கல்யாணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி இருப்பு இல்லை, சேர்க்க முடியாது என்றார்கள். நாலு வருஷம் கழித்து அதே சொசைட்டி அவருக்கு ஹ்யூஸ் பதக்கம் கொடுத்தது! உள்ளே விடமாட்டோம், வாசலில் மாலை போடுகிறோம் என்பது மாதிரி.

இனி, எனக்கு உறுத்துகிற பகுதி.

சிட்டி அண்ட் கில்ட்ஸ் இரண்டு காரியங்களைக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தொடங்கியது. ஒன்று இந்த ஆய்வகம். இன்னொன்று பரீட்சை. 1879-ல் வேறொரு சங்கத்திடமிருந்து தொழில்நுட்பத் தேர்வுகளை ஏற்று நடத்த ஆரம்பித்தார்கள். நாட்டில் எங்கே வேண்டுமானாலும் ஒரு ஆசிரியர் மாலை வகுப்பு நடத்தலாம். வருஷ முடிவில் லண்டனிலிருந்து வினாத்தாள் வரும். எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பொறுத்து ஆசிரியருக்குக் காசு. இதற்குச் சூத்திரதாரி ஃபிலிப் மேக்னஸ். சில பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வும் இருந்தது, ஆனால் முறைக்கு முதுகெலும்பு வினாத்தாள்தான்.

பரீட்சைக்கு எதிரியாக நான் எழுதவில்லை. கையாளாகவே காலம் கழித்த ஒருவர் தன் திறமையை ஒரு காகிதத்தில் நிரூபிக்க அதுதான் ஒரே வாசல். லிவர்பூலிலோ லீட்ஸிலோ இருந்த ஒரு தந்திக்காரர் லண்டனுக்கு ரயிலேறாமல் சர்டிபிகேட் வாங்க முடிந்தது சாதாரண விஷயமா? பிரச்சினை செலவில் இருக்கிறது. ஆய்வகம் என்றால் டைனமோ, மீட்டர், பேட்டரி, இடம், உடைந்தால் மாற்று. பரீட்சை என்றால் அச்சுக்கூலியும் தபால் செலவும். ஒன்று வளர வளரக் காசைத் தின்னும், மற்றது வளர வளரக் கட்டணம் கொண்டுவரும்.

கில்டுகளின் காசு எங்கே போனது? 1884-ல் தென் கென்சிங்டனில், பணக்காரப் பகுதியில், உயர்நிலைக் கல்வி தரும் சென்ட்ரல் இன்ஸ்டிடியூஷன் பெரிய கட்டடமாக எழுந்தது. அயர்ட்டனும் அங்கே மாறிப்போனார். பின்னால் அது இம்பீரியல் கல்லூரியோடு இணைந்தது. ஃபின்ஸ்பரிக்கு 1885-ல் சில்வேனஸ் தாம்ப்ஸன் முதல்வராக வந்தார். நுண்கணிதத்தைப் பாமரருக்கும் புரியவைக்கும் 'கால்குலஸ் மேட் ஈஸி'யை 1910-ல் எழுதியவர் இவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல், 1916-ல் இறக்கும்வரை, அந்த இடத்தை அவர் தாங்கிப் பிடித்தார். நன்றாகத்தான் நடந்தது. ஆனால் காசு போதவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு மூடுகிற பேச்சு வந்தது, பழைய மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1926-ல் மூடிவிட்டார்கள்.

இதற்கிடையில் லண்டனின் மற்ற பகுதிகளில் மாலை வகுப்புகளுக்கு வேறொரு பெயர் பிரபலமாகிவிட்டது: பாலிடெக்னிக். நம் ஊரில் டிப்ளமோ என்றாலே நினைவுக்கு வரும் இந்தச் சொல்லின் கதை வேடிக்கையானது. ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் 1838 முதல் ராயல் பாலிடெக்னிக் என்று ஒரு காட்சிக்கூடம் இருந்தது. காசு கொடுத்து உள்ளே போனால் நீர்மூழ்கிக் கூண்டு, மாயவிளக்குப் படம் எல்லாம் பார்க்கலாம். கிட்டத்தட்டப் பொருட்காட்சி. அது நொடித்துப்போனபோது க்வின்டின் ஹாக் என்ற சர்க்கரை வியாபாரி கட்டடத்தை வாங்கி, 1882-ல் உழைக்கும் இளைஞர்களுக்கான மாலைக் கல்விக்கூடமாக மாற்றினார். போர்டில் இருந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற இடங்களும் பாலிடெக்னிக் ஆயின. ஃபின்ஸ்பரிக்குப் பக்கத்திலேயே 1896-ல் திறந்த நார்த்தாம்ப்டன் இன்ஸ்டிடியூட்டும் இந்த வகைதான். அதனால் மாலை வகுப்பு செத்துவிடவில்லை. ஆனாலும் முதன்முதலில் அதை நடத்திக் காட்டிய இடத்தை, நடத்தியவர்களே மூடினார்கள்.

பரீட்சையோ கப்பலேறிப் பிரிட்டிஷ் ஆட்சி இருந்த இடமெல்லாம் போனது. இலங்கைத் தமிழ் நண்பர்களிடம் 'சிற்றி அன்ட் கில்ட்ஸ்' என்று சொல்லிப்பாருங்கள், உடனே தெரியும். வளைகுடா வேலைக்கு அந்தச் சர்டிபிகேட் இன்றும் உதவுகிறது. நம் பக்கம் வழி வேறு: 1950-ல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம், 1956-ல் ஐ.டி.ஐ.க்களின் நிர்வாகம் மாநிலங்களுக்கு மாறியது, 1961-ல் பழகுநர் சட்டம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டு வருஷம் மோட்டார் சுற்றி, மீட்டர் பிடித்துப் படிக்கிறார்கள். அது ஃபின்ஸ்பரியின் வழி. பெரியப்பா போனது மற்ற வழி, நேராகப் பரீட்சை.

போன மாதம் ஊருக்குப் போனபோது அயர்ட்டன் தந்திக் கம்பியில் பழுது கண்டுபிடித்த கதையை அவரிடம் சொன்னேன். ஒரு மைலுக்கு இத்தனை ஓம், அளந்து வகுத்தால் இடம் தெரிந்துவிடும் என்று நோட்டில் கணக்கே போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஒயர் முழுக்க ஒரே சைஸா இருந்தா சரி. நடுவுல எவனாவது ஜாயிண்ட் போட்டு, அது துருப்பிடிச்சிருந்தா? அந்த இடமே நாலு மைல் கம்பி மாதிரி காட்டுமே தம்பி. உங்க ஆளு அதுக்கு என்ன பண்ணாரு?"